எங்கே தட்டணும் என்று தெரியாதது அவர்கள் தப்பு இல்லை

"மவுஸைப் பிடிச்சு படத்தைத் தட்டறதுக்கு ஒரு வகுப்பா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாலக்கோட்டில் கணினி மையம் வைத்து மகளிர் குழுப் பெண்களுக்கும் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில் என் கருத்து நேர் எதிர். சாதாரண ஆட்களை மதித்துக் கணினி உலகத்தில் நடந்த பெரிய வேலை, திரையில் தெரிகிற இந்த விண்டோ, ஐகான் என்கிற குட்டிப் படம், மெனுதான். அதைத்தான் இன்றைக்கு ஆப் செய்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறார்கள்.

முன்பெல்லாம் கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டு நிற்கும். என்ன செய்யலாம் என்று அது சொல்லாது, கட்டளை எல்லாம் நமக்கு மனப்பாடமாக இருக்கணும். விண்டோ, ஐகான், மெனு எல்லாம் சேர்ந்த வரைகலை இடைமுகம் அதைத் திருப்பிப் போட்டது. செய்யக்கூடியதை எல்லாம் கண் முன்னால் வைத்துவிடும், பார்த்துத் தொட்டால் போதும், தவறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விஷயமே அவ்வளவுதான், படம் அழகாக இருப்பது அப்புறம்.

இது ஒரே நாளில் வந்ததில்லை. 1963-இல் இவான் சதர்லேண்ட் என்பவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு வரைந்து காட்டினார். 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற ஆராய்ச்சியாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு முன்னால் மவுஸ், தட்டினால் வேறிடத்துக்குக் கூட்டிப்போகும் இணைப்புகள், தூரத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஒரே ஆவணத்தில் வேலை செய்வது என்று ஒன்றரை மணி நேரம் செய்து காட்டினார். அடுத்தது ஜெராக்ஸ். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை போர்டில் எழுதியிருக்கிறதே, அதே ஜெராக்ஸ்தான். கலிபோர்னியாவில் இருந்த அவர்களுடைய பார்க் ஆய்வகத்தில் 1973-இல் மவுஸோடு ஆல்டோ என்ற கணினி தயாரானது. அங்கே இருந்த ஆலன் கே என்ற ஆய்வாளர், கணினி எப்படி இருக்கணும் என்பதைக் குழந்தைகளை மனதில் வைத்துத்தான் யோசித்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அங்கே வேலை செய்த லாரி டெஸ்லரின் கதை. அதே ஆய்வகத்தில் பிராவோ என்று ஒரு எழுதும் மென்பொருள் இருந்தது. அதில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. எழுதும் நிலைக்குப் போகாமல் ஆங்கிலத்தில் 'எடிட்' என்று அடித்துவிட்டால், முதல் எழுத்து முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது அழிக்கும், மூன்றாவது புதிதாகச் செருகத் தயாராகும், நாலாவது எழுத்து மட்டும் திரையில் மிஞ்சும். டெஸ்லரும் அவரோடு சேர்ந்து வேலை செய்த டிம் மாட்டும் இதை ஒழிக்கப் பார்த்தார்கள். அவர்கள் பாடநூல் பதிப்பகம் ஒன்றின் பதிப்பாசிரியர்களுக்காக ஜிப்ஸி என்ற மென்பொருளைச் செய்தார்கள். அந்தப் பதிப்பாசிரியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மென்பொருளை எழுதவே ஆரம்பித்தார்கள். நாம் தினமும் செய்யும் கட், காப்பி, பேஸ்ட் அப்படி வந்ததுதான்.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரியும். 1979-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் பார்க் ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தார். ஜெராக்ஸ் 1981-இல் ஸ்டார் என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது, விலை 16,000 டாலருக்கும் மேல், யார் வாங்குவார்கள்? 1984-இல் ஆப்பிளின் மேகின்டோஷ் 2,495 டாலருக்கு வந்தது, அடுத்த வருஷம் மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் முதல் பதிப்பு. யார் யாரிடம் திருடினார்கள் என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை.

என் வகுப்பில் முதல் பாடமே ஒரு ஃபைலை அழிக்கச் சொல்வதுதான். ஒரு அக்கா குழுவின் சேமிப்புக் கணக்கை டைப் செய்து வைத்திருந்தார், அதை ரீசைக்கிள் பின் என்ற குப்பைத் தொட்டிக்கு இழுத்துப் போடச் சொன்னேன். போட்டதும் முகம் வாடிவிட்டது. "சார், அவ்ளோதானா, போயிடுச்சா?" அதே தொட்டியைத் திறந்து ரீஸ்டோர் கொடுக்கச் சொன்னேன், கணக்கு பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. அதுவரை மவுஸை ஒரு விரலால் தொட்டுக்கொண்டிருந்தவர், அன்றைக்கு நான் சொல்லாமலே ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்தார். ஒரு பெயர் மங்கலாக இருந்தால் இப்போது அது வேலை செய்யாது என்பதைக்கூட அவரேதான் கண்டுபிடித்தார்.

அதே அக்கா போனை எடுத்தால் திணறுகிறார். மூன்று கோடு போட்டிருந்தால் அது மெனுவாம், இடது பக்கம் தள்ளினால் அழியுமாம், அழுத்திப் பிடித்தால் வேறொன்று வருமாம், இது எதுவுமே திரையில் எழுதியிருக்காது. மறுபடியும் மனப்பாடம்தானே? ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற அண்ணன் ஒருவர் ஒரு இணையதளத்தில் பக்கம் பக்கமாக விண்ணப்பம் நிரப்பி, சர்வே எண்ணைச் சரிபார்க்கலாம் என்று ஒரு தடவை பின்னால் போனார், அடித்தது எல்லாம் காலி. கடைசியில் ஐம்பதோ நூறோ கொடுத்து வேறொருவரை நிரப்பச் சொல்கிறார், "நமக்கு இதெல்லாம் வராதுங்க" என்று தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்கிறார். அதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. வராதது அவருக்கு இல்லை, அந்தப் பக்கத்தைச் செய்தவர்களுக்கு.

பர்கூரிலும் செட்டிக்கரையிலும் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட்டுக்கு ஆப் செய்யும்போது ஐகானுக்குக் கீழே தமிழில் பெயர் எழுதுங்கள், பின்னால் போனாலும் நிரப்பியது அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாத்தியாரிடம் காட்டும் முன்னால் உங்கள் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.