பாராகுவாட்டை ஐசியூவில் தடுக்க முடியாது

விஷம் குடித்து வருபவர்களில் எங்கள் வார்டில் அதிகம் பயப்படுவது மயங்கிக் கிடப்பவரைப் பார்த்து இல்லை. தெளிவாகப் பேசிக்கொண்டு, தானே நடந்து வருபவரைப் பார்த்துதான். கூட வந்தவர் கையில் இருப்பது பாராகுவாட் என்ற களைமருந்து பாட்டில் என்றால்.

பூச்சிமருந்து என்றால் அட்ரோபின் என்ற முறிமருந்து இருக்கிறது, வென்டிலேட்டர் இருக்கிறது. நுரை தள்ளி வந்தவர்கூட பிழைத்து வீட்டுக்குப் போவதுண்டு. இந்தக் களைமருந்துக்கு முறிமருந்தே கிடையாது. முதல் நாள் வாந்தி, வாய்ப்புண், தொண்டை எரிச்சல். "ரெண்டு நாள்ல அனுப்பிடுவாங்க" என்று சொந்தக்காரர்கள் போனில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும், சிறுநீர் குறையும், கண் மஞ்சளாகும். பிழைப்பவர்களுக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் பெரும்பாலும் தேறிவிடும். நுரையீரல்தான் தேறாது.

நுரையீரல் செல்கள் உடம்புக்குத் தேவையான வேறு பொருள் என்று நினைத்து இதை ரத்தத்திலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து அது திசுக்களை அரிக்கிறது. சில நாட்களிலோ வாரங்களிலோ நுரையீரல் தழும்பாக இறுகிப்போகிறது. மூச்சுத் திணறுபவருக்கு ஆக்சிஜன் வைப்பது வழக்கம். இங்கே அது எரிகிற தீயில் எண்ணெய். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மிகவும் இறங்கும்வரை டாக்டர்கள் வைக்கத் தயங்குவார்கள். "ஆக்சிஜன் வைங்கம்மா" என்று கெஞ்சும் தாயிடம் இதை எப்படிச் சொல்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

சிகிச்சை என்று சிலவற்றைச் செய்கிறோம். சீக்கிரம் வந்தால் கரித்தூள், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஹீமோபெர்ஃப்யூஷன். ஸ்டீராய்டும், நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோபாஸ்ஃபமைடும் பல இடங்களில் கொடுக்கிறார்கள். இலங்கையில் முறையாகச் சோதித்தபோது அதனால் பலன் தெரியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இதை நிறுத்த வேண்டிய இடம் களைமருந்து விற்கும் கடை.

"சாக நினைப்பவன் வேறு வழி தேடுவான்" என்பார்கள். அப்படி நடக்கவில்லை. இலங்கை 2008 முதல் 2011-க்குள் பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்கியது. தென்கொரியா 2012-ல் விற்பனையை நிறுத்தியது. இரண்டு இடத்திலும் தற்கொலைச் சாவுகள் குறைந்தன, விளைச்சல் குறையவில்லை. பெரும்பாலானவர்கள் ஒரு கோபத்தில், ஒரு மணி நேர விரக்தியில் கைக்கு எட்டியதை எடுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் வாழத்தான் நினைக்கிறார்கள். எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை என்று விவசாயிகள் சொல்வது பொய்யில்லை. எங்கள் வீட்டிலும் அதே புலம்பல்தான். ஆனால் களை எடுக்கும் பவர் வீடர் இயந்திரம் இருக்கிறது, இவ்வளவு கொடூரமில்லாத வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே வேண்டாம் என்றதை நம் வயலில் மட்டும் ஏன் அடிக்க வேண்டும்?

சட்டத்திலும் ஒரு கோளாறு. 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநில அரசு ஒரு மருந்தைத் தற்காலிகமாகத்தான் தடுக்க முடியும், அதுவும் 60 நாள் கணக்கில். தமிழ்நாடு அப்படி ஆறு பூச்சிமருந்துகளைத் தடுத்தபோது அந்தப் பட்டியலில் பாராகுவாட் இல்லை. கேரளா 2011-லேயே தன் மாநிலத்தில் நிறுத்தப் பார்த்தது. நிரந்தரத் தடை டெல்லி கையில் இருக்கிறது. நம் எம்பிக்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

அதுவரை ஒன்று. யாராவது களைமருந்து குடித்துவிட்டதாகத் தெரிந்தால், ஆள் நன்றாக இருக்கிறாரே என்று உள்ளூரில் காத்திருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், பாட்டிலையும் லேபிளோடு எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கும் அளவுக்கு மனம் உடைந்திருப்பவர் உங்கள் பக்கத்தில் இருந்தால், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. தமிழில் பேசலாம், காசு கிடையாது.