நட்டை முறுக்குவதில் என்ன வீரம்?

வீட்டிலேயே பைக்குக்கு ஆயில் மாற்றுகிறவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களில் பாதி, "நல்லா டைட் வெச்சிருங்க" என்று முடிகிறது. எவ்வளவு நல்லா? அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நான் பார்த்தவரை, வீட்டு வேலையில் வண்டி கெடுவது லூசாக விட்ட போல்ட்டால் அல்ல. கழண்டுவிடுமோ என்று பயந்து ஏற்றி ஏற்றி முறுக்கிய போல்ட்டால்தான்.

பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுவோமே, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் அந்த ட்ரெயின் போல்ட்டையே எடுத்துக்கொள்வோம். போல்ட் இரும்பு, அது இறங்கும் உடம்பு அலுமினியம். இரண்டும் மோதினால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இறுகிக்கொண்டே வந்த ஸ்பேனர் திடீரென வெண்ணெயில் கத்தி போவது மாதிரி லேசாகச் சுற்றும். ஓட்டைக்குள் இருக்கும் திருகு வரி, அதாவது மரை, போச்சு. அப்புறம் ஓட்டையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை இறக்க லேத் பட்டறை வாசலில் நிற்க வேண்டியதுதான். இத்தனைக்கும் அங்கே ஆயில் கசியாமல் அடைப்பது நம் கைபலம் இல்லை, நசுங்கிக்கொடுக்கும் அந்தச் சின்ன வாஷர். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அதை மாற்றாமல், பழசையே போட்டு இன்னும் ஒரு சுற்று முறுக்குகிறோம்.

போல்ட் என்பது உண்மையில் ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது மயிரிழை அளவு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் இரண்டு பாகங்களையும் பிடித்து வைக்கிறது. அளவுக்கு மேல் நீண்டுவிட்டால் பழையபடி சுருங்காது. இன்னொன்று, நாம் போடும் முறுக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. அதனால் மரையில் எண்ணெய் தடவினால் அதே முறுக்குக்கு இழுவை வெகுவாகக் கூடிவிடும். மேனுவலில் எண்ணெய் போடச் சொல்லாத இடத்தில் துடைத்து, காயவைத்து மாட்டுங்கள்.

எஞ்சின் மூடிகளில் இருக்கும் 6 மி.மீ. தடிமன் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு) அளவில்தான் மேனுவலில் சொல்லியிருப்பார்கள். 15 செ.மீ. ஸ்பேனர் நுனியில் இது ஏழு கிலோ அழுத்தம்கூட இல்லை. அதே போல்ட்டை 30 செ.மீ. கைப்பிடி போட்டுத் திருப்பினால் மூன்றரை கிலோ போதும். இரண்டு விரல் வேலை! நாம் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

"எங்க மெக்கானிக் அண்ணன் டார்க் ரெஞ்சைத் தொட்டதே இல்லை" என்பார்கள். எவ்வளவு முறுக்கு வேண்டும் என்று முதலிலேயே வைத்துவிட்டால், அது வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர்தான் டார்க் ரெஞ்ச். சரி, அவர் ஒரே நாளில் எத்தனை வண்டி பார்க்கிறார்? அந்தக் கைக்கு அளவு தெரியும். வருஷத்துக்கு ரெண்டு மூணு முறை ஸ்பேனரைத் தொடும் நமக்குத் தெரியாது. அவரைப் பார்த்துச் செய்ய வேண்டியது வேறு ஒன்று: எந்தப் போல்ட்டையும் முதலில் விரலாலேயே சுற்றி இறக்குவார். கோணலாக ஏறினால் விரலுக்கே தெரிந்துவிடும், ஸ்பேனருக்குத் தெரியாது.

டார்க் ரெஞ்ச் வாங்கியவர்களும் சும்மா இருப்பதில்லை. 'டிக்' என்று சத்தம் வந்த பிறகும் மனசு கேட்காமல் இன்னும் இரண்டு டிக் வைக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியதே அந்த முதல் டிக்கில் நிறுத்தத்தானே! அதை வைத்து இறுகிய நட்டைக் கழற்றுவது அதைவிடக் கொடுமை. வேலை முடிந்ததும் அதன் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். பழைய மேனுவல்களில் முறுக்கு அளவு கிலோகிராம்-மீட்டர் (kgf-m) கணக்கில் இருக்கும். பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நியூட்டன் மீட்டர்.

வாங்குவதென்றால் 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சின்னதை முதலில் வாங்குங்கள். கடைக்காரர் பெரியதைத்தான் எடுத்து நீட்டுவார். அதில் 10-ஐ வைக்கவே முடியாது. மரை போவதோ அந்தப் பொடி போல்ட்களில்தான். ஆக்சில் நட்டு, பிரேக் காலிபர் போல்ட் மாதிரி பெரிய முறுக்கு கேட்பவற்றை, பெரிய ரெஞ்ச் கைக்கு வரும்வரை, அளவு பார்த்து முறுக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். ஆக்சிலில் காட்டர் பின் (நட்டு கழலாமல் குறுக்கே செருகும் கம்பி) இருந்தால் புதுசு போடச் சொல்லுங்கள்.