அப்புறம் என்றால் எப்போது?

திருப்பூர் வளர்ச்சியைப் பற்றி ஒருவர் மேடையில் பேசிய அந்தக் காணொலியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் பக்கத்திலேயே மூன்று பேர் பகிர்ந்திருந்தீர்கள். அதனால் எந்த விழா, மேடையில் யார் என்பதற்குள் நான் போகவில்லை. "முதலில் வளர்ந்துகொள்வோம், ஆற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்தப் பேச்சாளர் சொன்னதும் அரங்கமே கை தட்டியதே, அந்தச் சத்தம்தான் இரண்டு நாளாகக் காதிலேயே நிற்கிறது. காணொலிக்குக் கீழே எதிர்த்து நாலு வரி எழுதினேன். பதிலுக்கு என்ன வந்தது என்றும் பார்த்திருப்பீர்கள். வளர்ச்சிக்கு எதிரியாம். ஊர்ச் சோற்றில் மண் போடுகிறவனாம். சரி, விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அப்புறம் என்றால் எப்போது? நான் கேட்பது இவ்வளவுதான். திருப்பூர் வழியாக ஓடுகிற நொய்யல் ஆற்றின் கரைக்காரனிடம் இந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். நாங்கள் இதைக் கேட்க ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

திருப்பூர் பனியனுக்கான பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், மூட்டை மூட்டையாக. சாயம் துணியில் ஏறிவிடும். உப்பு ஏறாது, தண்ணீரோடு அப்படியே வெளியே வந்துவிடும். நிறத்தை எடுக்கலாம், நாற்றத்தைக் குறைக்கலாம், ஆனால் கரைந்துபோன உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் பிரிக்க முடியாது. அதுதான் ஆற்றில் இறங்கி, மண்ணில் இறங்கி, எங்கள் கிணற்றுக்கு வந்தது. பாசனத்துக்கென்று திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள், 1992-ல் திறந்தார்கள். தேங்கியது சாயத்தண்ணீர். தங்களுக்காகக் கட்டின அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டி வந்தது. இதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, வைத்த தென்னை பதினெட்டு மரம். நான் ஏழாவது படிக்கும்போது ஓலை நுனி கருக ஆரம்பித்தது. ஏதோ பூச்சி என்றுதான் முதலில் நினைத்தோம். அப்புறம் ஒருநாள் அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு நான் அவரைப் பார்த்தேன், அவர் வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மீதியைக் கீழே ஊற்றினார். உப்புக் கரித்தது. இளநீர் உப்புக் கரிக்கும் என்று எங்கள் அப்பாருக்கே தெரியாது. வீட்டில் சோறு வடித்தால் மஞ்சள் பூத்துப்போகும். மாடு தொட்டியில் வாய் வைக்கும், மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அதற்குத் தெரிந்தது அந்த அரங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

"இப்போதுதான் எல்லாம் சுத்திகரிக்கிறார்களே, பழைய கதையை ஏன் கிளறுகிறாய்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒப்புக்கொள்கிறேன். இன்று உப்பைச் சவ்வில் வடிகட்டிப் பிரிக்கிற ஆர்.ஓ. வைத்து, மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். பெரிய வேலைதான். ஆனால் அது எப்படி வந்தது? ஆற்றுப் பாசனத்தை நம்பியிருந்த ஆயக்கட்டு விவசாயிகள் வருஷக்கணக்காக நீதிமன்றப் படி ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் எல்லாம் ஒழுங்காக நகர்ந்தது. அந்த "அப்புறம்" தானாக வரவில்லை ஐயா. இன்று மேடையில் நீங்கள் பெருமையாகக் காட்டுகிற சுத்திகரிப்பு நிலையம், அன்று நீங்கள் வளர்ச்சிக்கு எதிரி என்று திட்டியவர்கள் வாங்கிக் கொடுத்தது. மண்ணுக்குள் போன உப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

"நீ பனியன் போடுவதில்லையா?" போடுகிறேன். இதற்கெல்லாம் நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஆனால் வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அது நியாயமான கேள்வி. என் அக்கா பன்னிரண்டு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். என் காலேஜ் ஃபீஸ் அவள் சம்பளம். வானம் பார்த்த பூமியில் இருந்து எத்தனையோ குடும்பங்களைத் திருப்பூர் கரையேற்றியிருக்கிறது, அதை மறந்தால் நான் மனிதனே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அவள் சம்பாதித்ததையும் எங்கள் தோட்டம் போனதையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி என்கிறீர்கள். செலவுப் பக்கம் எங்கே? அதில் ஆற்றுக்கென்று ஒரு வரி எழுதியிருக்கிறதா? கிணற்றுக்கு? இப்போது எங்கள் வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். கிணறு நன்றாக இருந்தவரை அந்தத் தண்ணீர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. கெட்டுப்போன பிறகு நாங்கள் கொடுக்கிற காசு நாட்டு வருமானத்தில் கூடுதலாக ஏறுகிறது. இழந்ததைக் கூட்டி எழுதுகிற கணக்கை வைத்துக்கொண்டு வளர்ந்தோம் வளர்ந்தோம் என்றால் எப்படி நம்புவது?

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. தஞ்சாவூரில் பிறந்து காந்தியோடு வேலை செய்த ஜே.சி.குமரப்பா அன்றைக்கே சொன்னார். கொன்று தின்கிற புலி ஒரு பக்கம், பூவில் தேன் எடுத்தாலும் மகரந்தம் சேர்த்துக் கொடுக்கிற தேனீ ஒரு பக்கம், இதில் எந்த வகைப் பொருளாதாரம் வேண்டும் என்று கேட்டார். அவர் படம் மாட்டாத காதி கடை இருக்கலாம், அவர் கேள்வியைக் கேட்காத மேடைதான் எனக்கு வருத்தம்.

அதோடு இந்த வளர்ச்சியாவது நம் கையில் இருக்கிறதா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூர் எப்படித் திணறியது என்று உங்களுக்கே தெரியும். எங்கோ ஒருவர் போட்ட கையெழுத்து. அந்த ஆர்டருக்காக நாம் கொடுத்தது நூறு தலைமுறை ஓடின ஆற்றை. கொடுத்தது மேலே இருந்தவர்கள், போனது கீழே இருந்தவர்களுடையது. எங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? பங்கு கேட்கவில்லை, கேட்டீர்களா என்றுதான் கேட்கிறேன்.

எழுத எழுதக் கோபம் ஏறுகிறது, நிறுத்திக்கொள்கிறேன். உண்மையில் பேச்சாளர்மேல்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை. காணொலியில் மூன்றாவது வரிசையில் கை தட்டியவர்களில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். என் பக்கத்தில் எல்லாவற்றையும் படிப்பவர், இதையும் படிப்பார்.

மாமா, முதுகில் சுரைப்புருடை, அந்தக் காய்ந்த சுரைக்குடுக்கை, கட்டி எனக்கு நீச்சல் பழக்கிவிட்டது நீங்கள். உங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான். பொங்கலுக்கு உங்கள் பேரன் வருவான். அதே கிணற்றில் அவனை இறக்கிவிட்டு மேலே நின்று பாருங்கள். இறக்க மனசு வந்தால், அப்புறம் கை தட்டுங்கள்.