உட்காரும் உடம்புக்குத் தைத்த உடை

முதுகுவலி என்றதும் எல்லோரும் நாற்காலியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இடுப்பை இறுக்கிக்கொண்டிருக்கும் உடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாளெல்லாம் கணினி முன் உட்காருபவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை என்பது என் கருத்து.

2020-இல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு முதுகுவலி இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன நோய்தான் காரணம் என்று சுட்டிக்காட்ட முடியாது. ஸ்கேன் எடுத்தாலும் காரணம் தெளிவாகத் தெரியாது, ஆனால் வலி நிஜம்.

'நிமிர்ந்து உட்கார்' என்ற அறிவுரையைக் கேட்டே வளர்ந்தோம். 1999-இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவரின் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் வட்டுக்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். சும்மா உட்கார்ந்தபோதும் நின்றபோதும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தபோது இன்னும் குறைந்தது. ஒரே ஒருவரிடம் அளந்தது என்பதால் அதையே முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் விறைப்பாக நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்ற பயம் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எந்த நிலையாக இருந்தாலும் அதிலேயே மணிக்கணக்கில் உறைந்துபோவதுதான் தசைகளைக் களைப்பாக்குகிறது. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள், பாதங்களைத் தரையில் பதியுங்கள். அப்புறம் அடிக்கடி எழுந்து நடங்கள். வலி வந்துவிட்டால் நாள்கணக்கில் படுத்துக் கிடக்காமல், முடிந்தவரை நடமாடச் சொல்வதுதான் இன்றைய மருத்துவம். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சரி, இதில் உடை எங்கே வருகிறது? குனியவும், காலை மடக்கவும், கையை மேலே தூக்கி நெளியவும் விடாத உடையைப் போட்டுக்கொண்டு 'அசைந்துகொண்டே இரு' என்றால் உடம்பு என்ன செய்யும்? இறுக்கமான பெல்ட்டும் ஜீன்ஸும் இடுப்போரமாகத் தொடைக்கு இறங்கும் நரம்பை அழுத்தி, தொடையின் வெளிப்பக்கம் எரிச்சலும் மரமரப்பும் தரும். இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸ் இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே உட்காரும்.

நல்ல தையல்காரர் பேன்ட்டுக்கு அளவெடுக்கும்போது உங்களை நாற்காலியில் உட்காரச் சொல்வார். இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை டேப் வைத்துப் பார்ப்பார். உட்கார்ந்தால் இடுப்பும் தொடையும் அகலும், பின்பக்கத் துணி கீழே இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதற்கேற்ப லூஸ் விடுவார். கவட்டையில் ஒரு சாய்சதுரத் துண்டை வைத்துத் தைத்தால் சம்மணமிட்டாலும் தையல் பிரியாது. பின்னால் பிரித்து அகலப்படுத்த உள்ளே துணியும் விட்டிருப்பார். ரெடிமேட் உடை ஒரு சராசரி உடம்புக்கு வெட்டியது. அந்தச் சராசரி உடம்பு உங்களுடையதாக இருப்பது அபூர்வம். கையால் செய்த உடை என்னை ஈர்ப்பது முதலில் இதனால்தான், அழகு அப்புறம். கைத்தறிப் பருத்தி துவைக்கத் துவைக்க மென்மையாகி, வியர்வையை இழுத்துக்கொண்டு, உடம்போடு பழகிவிடும். இதெல்லாம் வலியைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. அசைய இடம் கொடுக்கும், அவ்வளவுதான். அதுவே பெரிது.

ஆனால் ஒன்றை மறக்கவே கூடாது. நம் முதுகுக்கு இதமான அந்தத் துணி இன்னொருவரின் முதுகிலிருந்து வருகிறது. குழித்தறியில் கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, முன்னால் குனிந்தபடியே நெய்கிறார்கள். கைத்தையல் செய்பவர் கழுத்தைத் தாழ்த்தி ஊசி முனையையே பார்த்திருக்கிறார். நாம் ஐந்து நிமிடம் எழுந்து நடந்தால் சம்பளம் குறையாது. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்த ஐந்து நிமிடமும் நஷ்டம்.

அதனால் கைவேலை உடையில் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது. அவசரப்படுத்துவது அதைவிடப் பிடிக்காது. விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் துணியைக் கொடுத்து 'நாளைக்கே வேணும்' என்றால், அவர் ராத்திரி முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டியதுதான். தேவைக்கு ஒரு மாதம் முன்பே கொடுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள். எண்ணிக்கையில் குறைவாக வாங்கினால் இது பலருக்குக் கட்டுப்படியாகிற விஷயம்தான்.