ஓடிபி யார் போனுக்குப் போகிறது?

குழந்தைகள் இல்லங்களில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பு பெரும்பாலும் பெயிண்டில் தொடங்கி, வேர்டு, எக்செல் என்று போய், பவர்பாயிண்டில் ஒரு வாழ்த்து அட்டையோடு முடிந்துவிடுகிறது. சொல்லிக்கொடுப்பவர்களின் அக்கறையில் குறை இல்லை. ஆனால் இல்லத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வளரும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது வேறு. தன் மின்னஞ்சல், தன் போன் எண், தன் சான்றிதழ்கள் மூன்றும் தன் கையில் இருக்க வேண்டும். எக்செல்லை இருபது வயதிலும் கற்றுக்கொள்ளலாம்.

18 வயது ஆகாதவர்களுக்கு அவர்கள் பெயரில் சிம் கார்டு கிடையாது. அதனால் ஆதாரில் இருப்பது இல்லக் கண்காணிப்பாளரின் எண்ணாகவோ வளர்ப்புப் பெற்றோரின் எண்ணாகவோ இருக்கும். பிள்ளை 18 முடிந்து வெளியே வந்து உதவித்தொகைக்கோ, சான்றிதழ்களை ஆன்லைனில் எடுக்கும் அரசுத் தளமான டிஜிலாக்கருக்கோ போனால், ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குப் போகிறது. அந்தக் கண்காணிப்பாளரோ வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார். அந்த நேரத்தில் பிரவுசிங் சென்டரில் நிற்கிற பிள்ளைக்கு, வேர்டில் எழுத்தைத் தடிமனாக்கத் தெரிந்து என்ன பயன்?

17 வயதிலேயே தொடங்க வேண்டும். முதல் வகுப்பில் ஜிமெயில். பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். கடவுச்சொல்லைப் பிள்ளையே வைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து நோட்டில் எழுதிப் பூட்டிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒருவர் கணக்கில் இன்னொருவர் நுழைய அதுவே வழி. இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் வசதியை, போட்டதும் கூகுள் 10 மாற்றுக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அதை அச்சிட்டு, பிள்ளையின் சான்றிதழ் ஃபைலிலேயே வையுங்கள். போன் தொலைந்தாலும் எண் மாறினாலும் கணக்கைத் திறக்க அந்தத் தாள் இருக்கும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடந்தால் கூகுள் அந்தக் கணக்கையே நீக்கிவிடக்கூடும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

அடுத்த வகுப்புக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். ஆதார், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். நம் ஊரில் சிக்கல் இனிஷியலில்தான். ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், ஒன்றில் இருக்கவே இருக்காது. இல்லத்தில் சேர்த்தபோது யாரோ போட்ட இனிஷியல் ஒன்றில் நிற்கும். டிஜிலாக்கர் மதிப்பெண் சான்றிதழை எடுக்க மறுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிள்ளை இல்லத்தின் பொறுப்பில் இருக்கும்போதே, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் உதவியோடு திருத்த மனு கொடுத்துவிடுவது சுலபம். ஆன்லைன் விண்ணப்பங்களில் தந்தை பெயர் என்ற கட்டத்தில், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பதற்கான சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அங்கே என்ன நிரப்புவது என்பதையும் தனியாக உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், வகுப்பு நடுவில் வேண்டாம்.

18 ஆன வாரத்தில் வரிசை முக்கியம்: சொந்தப் பெயரில் சிம், பிறகு ஆதார் மையத்தில் எண் மாற்றம், பிறகு டிஜிலாக்கர், வங்கியில் எண் மாற்றம். சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதைத் துண்டித்துவிடக்கூடும். பின்னர் அந்த எண் வேறொருவருக்குப் போகும். இளைஞர் நீதிச் சட்டம் 2015 பிற்காப்பை, அதாவது இல்லத்தை விட்டு வந்த பிறகும் தரும் ஆதரவை, 21 வயது வரை அனுமதிக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் அதற்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. அதை வாங்கவும் இயங்குகிற வங்கிக் கணக்கு வேண்டும்.

இனி, கம்ப்யூட்டர் தருகிறவர்களுக்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்காவிட்டால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, 8 ஜிபி ராமும் வேகமான சேமிப்புக்கு ஒரு எஸ்எஸ்டியும் சேர்த்துக் கொடுங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரியையும், சிஆர் 2032, மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். பிறகு எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பாக இல்லை என்று எச்சரிக்கை வரும். தான்தான் கெடுத்துவிட்டோம் என்று பயந்து கையை எடுத்துக்கொள்கிற பிள்ளை மறுபடி மவுஸைத் தொட நாளாகும். ஒரு சிறிய பேட்டரியால் இப்படி ஆகக் கூடாது. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் துணிச்சலானவர் கையிலேயே மவுஸ் இருக்கும்.

கொடுக்கும்போது பிள்ளைகளோடு படம் எடுத்து சமூக வலைதளங்களில் போடாதீர்கள். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். அடுத்த முறை இல்லத்துக்குப் போகும்போது கண்காணிப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த வருடம் 18 ஆகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய ஆதாரில் யார் எண் இருக்கிறது?