1975-ல் ஜெனிசிஸ் செத்துப்போகவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பர் வீட்டில் ஏழெட்டுப் பேர் ரெக்கார்ட் கேட்கக் கூடியிருந்தோம். ஆளுக்கொரு எல்பி கொண்டுவரலாம், ஒரு பக்கம் முழுதும் ஓட வேண்டும், ஓடும்போது யாரும் பேசக் கூடாது. அதுதான் பேச்சு. ஒருவர் 'யெஸ்' குழுவைப் போட்டார், ஒருவர் கிங் கிரிம்சன், இன்னொருவர் ஜெத்ரோ டல். எல்லாவற்றையும் மூச்சுக் காட்டாமல் கேட்டோம். என் முறை வந்தது. பையிலிருந்து அந்த வெள்ளை அட்டையை எடுத்தேன். பிரிட்டிஷ் ராக் குழுவான ஜெனிசிஸின் 'டியூக்' ஆல்பம், 1980-ல் வந்தது. அட்டையைப் பார்த்ததுமே ஒருவர் "ஐயோ" என்றார். முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வீட்டுக்காரர் எழுந்து போய் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. ஜெனிசிஸ்னா பீட்டர் கேப்ரியல். அவர் போனப்புறம் வந்ததெல்லாம் பில் காலின்ஸ் தனிக்கச்சேரி" என்றார். கேப்ரியல் குழுவின் முதல் பாடகர், 1975-ல் விலகினார்; அவர் இடத்தில் பாட வந்தவர் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த காலின்ஸ். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அடுத்து கேப்ரியல் காலத்து 'ஃபாக்ஸ்ட்ராட்' ஓடியது.

வயதில் பெரியவர், அவர் வீடு, அவர் ரெக்கார்ட் பிளேயர். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. இது முதல் தடவையும் இல்லை. எந்த ஜெனிசிஸ் ரசிகரிடம் போய் 'டியூக்' பிடிக்கும் என்றாலும் இதே முகச்சுளிப்புதான். கேட்டுவிட்டுச் சுளித்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்கவே மாட்டேன் என்கிறார்களே, அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் ஊசியைத் தூக்கிய இடம் எது தெரியுமா? 'டச்சஸ்' பாட்டின் ஆரம்பம். முந்தின பாட்டு இடைவெளியே இல்லாமல் இதற்குள் கரைந்து இறங்கும். எங்கோ தூரத்தில் ஒரு ரிதம் பாக்ஸ், தானாகத் தாளம் போடும் மின்கருவி, டிக் டிக்கென்று தட்டத் தொடங்கும். ஜெனிசிஸ் ரெக்கார்டில் அந்தக் கருவி கேட்பது அதுதான் முதல் தடவை. அதன்மேல் டோனி பேங்க்ஸின் பியானோ ஒவ்வொரு சொட்டாக விழும். ரொம்ப நேரம் யாரும் பாட மாட்டார்கள். இருட்டு அறையில் யாரோ மெதுவாக விளக்கைக் கூட்டுவதுபோல் ஒலி ஏறிக்கொண்டே வரும். அப்புறம்தான் காலின்ஸின் நிஜ டிரம்ஸ் உள்ளே விழும். உச்சிக்குப் போய், கைதட்டல் குறைந்து, கடைசியில் கூட்டமே இல்லாமல் போன ஒரு பாடகியின் கதை. ஆறரை நிமிஷம். எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். அவர் ஊசியைத் தூக்கியபோது அந்தப் பாட்டில் காலின்ஸ் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை! அதற்குள் தீர்ப்பு. காலின்ஸ் தனிக்கச்சேரியாம்.

சரி, யாருடைய குழு அது? 1967-ல் இங்கிலாந்தின் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தது. கேப்ரியலோடு அன்றைக்கே இருந்தவர்கள் டோனி பேங்க்ஸும் மைக் ரதர்ஃபோர்டும். முதல் ஆல்பத்திலிருந்து கடைசி ஆல்பம் வரை ஒன்று விடாமல் இருந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டின் ஆரம்பப் பியானோவைக் கேட்டு உருகுகிறீர்களே, அது பேங்க்ஸ் எழுதியது. 'ஃபாக்ஸ்ட்ராட்'டின் அந்த நீளப் பாட்டு 'சப்பர்ஸ் ரெடி'யில் ஒன்பது தாளத்தில் ஆர்கன் வெறிபிடித்து ஓடுகிறதே, அதை வாசித்துப் பார்த்து உருவாக்கியது பேங்க்ஸ், ரதர்ஃபோர்ட், காலின்ஸ் மூவரும். கேப்ரியல் அதன்மேல் பாடினார், அற்புதமாகப் பாடினார். அந்த மூவரேதான் 'டியூக்' செய்தவர்களும். அதே விரல்கள். 1972-ல் மேதைகளாக இருந்தவர்கள் 1980-ல் யாருடைய தனிக்கச்சேரிக்கோ பக்கவாத்தியம் ஆகிவிட்டார்களா?

காலின்ஸையும் ஏதோ பின்வாசல் வழியாக வந்தவர்போலப் பேசுகிறார்கள். மனிதர் 1970-ல் சேர்ந்தவர். 1971-லேயே 'ஃபார் ஆப்சென்ட் ஃப்ரெண்ட்ஸ்' பாடியிருக்கிறார், 1973-ல் 'மோர் ஃபூல் மீ'. மற்றப் பாட்டுகளிலும் கேப்ரியலின் குரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கேட்கும் இன்னொரு குரல் அவருடையதுதான். நீங்கள் கேப்ரியல் என்று நினைத்துக் கண்ணை மூடுகிற பல இடங்களில் பாதி காலின்ஸ். கேப்ரியல் 1975-ல் விலகியபோது அந்த நாற்காலிக்குக் காலின்ஸ் ஓடி வரவும் இல்லை. வெளியாட்களை வரவழைத்துப் பாடவைத்துப் பார்த்தார்கள், ஒருவரும் பொருந்தவில்லை, அதற்கப்புறம்தான் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். 1976-ல் 'எ ட்ரிக் ஆஃப் த டெயில்' பிரிட்டனில் மூன்றாம் இடத்துக்குப் போனது. அதற்கு முந்தைய ஆல்பம், கேப்ரியல் பாடிய கடைசி ஆல்பமான 'த லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே', பத்தாம் இடம்தான் தொட்டது. விற்பனையை வைத்து நான் சங்கீதத்தை அளக்கவில்லை. ஆனால் ரசிகர்கள் எல்லோரும் அழுதுகொண்டே கலைந்துபோனார்கள் என்று ஒரு கதை விடுகிறார்களே, அது பொய்.

'த லாம்ப்' என்றதும் ஞாபகம் வருகிறது. இதைச் சொன்னால் என்னை அந்த வீட்டுப் படி ஏற விட மாட்டார்கள், சொல்கிறேன். இரண்டு தட்டு கொண்ட அந்த ஆல்பத்தின் இரண்டாவது தட்டு தொய்கிறது. முதல் தட்டு தங்கம். 'இன் த கேஜ்' ஒன்று போதும். ஆனால் அந்த ஆல்பத்தில் கேப்ரியல் வரிகளைத் தானே எழுதுவேன் என்று பிடித்துக்கொண்டார். மற்ற நாலு பேரும் ஒரு பக்கம் இசையைச் செய்துகொண்டே போனார்கள், வரிகள் இன்னொரு பக்கம் தாமதமாக வந்துகொண்டிருந்தன. இரண்டாவது தட்டில் 'த லேமியா'வைத் தாண்டினால் அந்தத் தையல் பிரிவது காதுக்கே தெரிகிறது. மேடையில் கேப்ரியல் போட்ட ஸ்லிப்பர்மேன் என்ற விகார வேஷத்தில் ஒலிவாங்கி வாய்க்குப் பக்கத்திலேயே போகாது, பாடுவது சரியாகக் கேட்காது. நரித்தலை, சிவப்பு கவுன், பூ முகமூடி எல்லாம் போட்டு மேடையை ஆண்ட மனிதர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஆட்கள் பாதிப் பேர் அந்தப் புகைப்படங்களைத்தான் காதலிக்கிறார்கள்.

அப்புறம் அந்த டிரம்ஸ் சத்தம். எண்பதுகளில் டமால் டமால் என்று வெடித்து நறுக்கென்று அறுந்துபோகிற அந்தச் சத்தத்தால் காலின்ஸ் ராக்கையே கெடுத்துவிட்டார் என்று எத்தனை பேர் திட்டுகிறார்கள்! அது எங்கே பிறந்தது? லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில், பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பத்தில், 'இன்ட்ரூடர்' பாட்டில். சிம்பல் தட்டே கூடாது என்று உத்தரவு போட்டவர் கேப்ரியல். டிரம்ஸ் வாசித்தவர் காலின்ஸ். வருஷம் 1980. காலின்ஸின் தனிப் பாட்டு 'இன் த ஏர் டுநைட்' அதற்கு அடுத்த வருஷம்தான் வருகிறது. ஒரே சத்தம் கேப்ரியல் ரெக்கார்டில் இருந்தால் புதுமை, காலின்ஸ் ரெக்கார்டில் இருந்தால் வியாபாரமா?

வியாபாரம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் காது கூசுகிறது. காதல் பாட்டு எழுதிக் குழுவைக் கெடுத்தது காலின்ஸ் என்கிறார்கள். 1978-ல் அவர்களுக்குப் பெரிய ஹிட் கொடுத்த காதல் பாட்டு 'ஃபாலோ யூ ஃபாலோ மீ'. அதன் வரிகள் ரதர்ஃபோர்டுடையவை. 1986-ல் 'இன்விசிபிள் டச்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, அதைக் கேட்டால் இவர்களுக்குக் குமட்டும். அதை அந்த இடத்திலிருந்து தள்ளிவிட்டு வந்த பாட்டு எது? கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்'. அதுவும் ஆடவைக்கிற பாட்டுதானே. அதற்கு மட்டும் கைதட்டல். அந்த 'இன்விசிபிள் டச்' ஆல்பத்திலேயே 'டாமினோ' என்று பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. 1991 ஆல்பத்தில் 'டிரைவிங் த லாஸ்ட் ஸ்பைக்' இருக்கிறது, பிரிட்டனில் ரயில் பாதை போட்ட கூலித் தொழிலாளர்களைப் பற்றி, அதுவும் பத்து நிமிஷம். இவற்றைக் கேட்டதுண்டா என்று கேட்டால் பதில் வராது.

எல்லாமே உசத்தி என்று நான் சாதிக்க வரவில்லை. 'இல்லீகல் ஏலியன்' ஓடினால் அந்தப் போலி உச்சரிப்புக்கு எனக்கே வெட்கமாக இருக்கும், தாண்டிவிடுவேன். ஸ்டீவ் ஹேக்கெட் 1977-ல் போனது பெரிய இழப்பு, அவருடைய கிடார் விட்ட இடம் நிரம்பவே இல்லை. ஆனால் இதையெல்லாம் கேட்டு, பிடித்து, பிடிக்காமல் போய்ச் சொல்கிறேன்.

'டியூக்' விஷயத்தில் என் வயிறு அதிகமாக எரிவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 'பிஹைண்ட் த லைன்ஸ்', 'டச்சஸ்', 'கைடு வோக்கல்', 'டர்ன் இட் ஆன் அகெய்ன்', கடைசி இரண்டு 'டியூக்' பகுதிகள், இவை அத்தனையும் முதலில் ஒரே தொடராக, அரைமணி நேரம் ஓடும்படி யோசித்தவை. 'சப்பர்ஸ் ரெடி'யோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள் என்றுதான் துண்டு துண்டாகப் பிரித்து ரெக்கார்டில் வைத்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நீளமான ஒன்று, ஒப்பிட்டுப் பேசும் இந்த வாய்களால் ரெக்கார்டில் சிதறிக் கிடக்கிறது! அந்த வருஷக் கச்சேரிகளில் சேர்த்து வாசித்தார்கள். வீட்டில் கேட்கிறவர் தானே காதால் கோத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் பக்கத்தில் 'கைடு வோக்கல்' ஒரு நிமிஷத்துச் சின்னப் பாட்டு. கூடத்தில் தனியாக உட்கார்ந்து யாரோ முனகுவதுபோல் வந்து போய்விடும். இரண்டாம் பக்கக் கடைசியில், டிரம்ஸ் மழையாகக் கொட்டிக்கொண்டிருக்கும் நடுவே, அதே வரிகளை எடுத்துக் காலின்ஸ் கத்துவார். முனகியவன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்து நிற்பதுபோல் இருக்கும். கல்யாணம் உடைந்த நேரத்தில் பாடியது, அந்த உடைசல் தொண்டையில் இருக்கிறது. கேப்ரியல் ஆயிரம் பாத்திரமாக மாறுவார். இப்படித் தன் குரலில் நின்று அழுது கத்த அந்தக் குழுவில் காலின்ஸ் ஒருவரால்தான் முடிந்தது. இதுதான் என் கட்சி. மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

'டர்ன் இட் ஆன் அகெய்ன்' வெறும் ரேடியோ பாட்டு என்பவர்கள் ஒரு தடவை தொடையில் தாளம் போட்டுப் பார்க்கட்டும். பதிமூன்று எண்ணிக்கை. நாலு நாலாகப் போட்டால் கை வழுக்கிவிடும்.

2022 மார்ச் 26, லண்டன் ஓ2 அரங்கில் கடைசிக் கச்சேரி. முதுகுத்தண்டு அறுவைக்குப் பிறகு நிற்க முடியாத காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். குச்சி பிடிக்க முடியாத அப்பாவுக்காகப் பின்னால் மகன் நிக் டிரம்ஸ் வாசித்தார். அந்தச் சுற்றுப்பயணத்தில் கச்சேரியைத் தொடங்கியது 'டியூக்' இசையோடு. முடித்தது 'த லாம்ப்' ஆல்பத்தின் 'த கார்ப்பெட் க்ராலர்ஸ்' பாட்டோடு. கேப்ரியலும் அன்றைக்குக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டார். அவரே வந்து கேட்டாரே ஐயா!

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் அதே வெள்ளை அட்டையைத்தான் எடுத்துப் போகப் போகிறேன். இந்தத் தடவை இரண்டாம் பக்கம். ஊசியைத் தூக்க எழுந்து வந்தால் கேட்டுவிடுவேன், "அண்ணா, பேச்சு என்ன? ஒரு பக்கம் முழுசும் ஓடணும். உட்காருங்க."