பாதியில நிப்பாட்டின பாட்டு

சனிக்கிழமை திருகோணமலை உப்புவெளியில ஒரு பாரில தமிழ்ப் பாட்டுப் பாடின பெடியனைப் பாதியில நிப்பாட்டின வீடியோவை எல்லாரும் பார்த்திட்டியள். அதில ஓரத்தில கணவாய் டெவல் பிளேட்டோட இருக்கிற நீலச் சேட் நான்தான். அதால எனக்கும் கதைக்க உரிமை இருக்கு.

அந்தப் பெடியனைப் பாடி முடிக்க விட்டிருக்கலாம். அவ்வளவுதான் நான் சொல்லுறது.

ரெண்டாவது சரணத்தில மனேஜர் வந்து தோளில தட்டி, "வெள்ளைக்காரர் இருக்கினம், இங்கிலீஷ் பாடு" எண்டார். பெடியன் கிற்றார் கம்பியை உள்ளங்கையால பொத்திக்கொண்டு சிரிச்சான். அந்தச் சிரிப்பு வீடியோவில வடிவாத் தெரியாது. பகிடி என்னெண்டால், அந்த வெள்ளைக்காரர் மேசையில தாளம் போட்டுக்கொண்டிருந்தவை.

வீடியோவுக்குக் கீழ ஒரு கொமென்ட்: "கடை முதலாளியின்ர, அவர் விருப்பம்." சரி அண்ணை. எந்தப் பாட்டு வேணுமெண்டு தொடங்க முதல் சொல்லலாமே? நீங்கள் வாயில வைச்ச இறாலை ஆராவது பிடுங்கினவையோ?

எனக்கு இன்னொரு கொமென்ட்: "குடும்பக்காரனுக்குப் பாரில என்ன வேலை?" கோணேசர் கோயிலுக்கும்தான் போறனான். அதுக்கு ஒருத்தரும் கொமென்ட் போடேல்லை.

மேயில இருந்து செப்டெம்பர் வரைதான் இஞ்ச சீசன். வாடை தொடங்கினால் கதிரையளைக் கவிட்டு வைச்சிடுவினம். போயாவுக்கு, அதான் பௌர்ணமிக்கு, குடியும் இல்லை, பாட்டும் இல்லை, அவனுக்கு அண்டைக்குக் காசும் இல்லை. பில்லில மட்டும் சேவைக் கட்டணம் 10 வீதம். அரைப் பாட்டுக்கும் அதே 10 வீதம்தான், நான் கட்டினனான்.

தமிழ்ப் பொப்பிசை எண்டு இந்த நாட்டில ஒண்டு தொடங்கேக்க பாடின பரமேஷும் கோணேஷும் எந்த ஊர்ப் பெடியள்? இந்தத் திருகோணமலைதானே. இந்த ஊரிலயே தமிழில பாட வெள்ளைக்காரரைக் கேக்கோணுமோ?

"ஒரு பாட்டுக்கு இவ்வளவு கத்தலோ?" எண்டு கேட்டவருக்குப் பதில் எழுதி எழுதி அழிச்சிட்டன். உண்மையில எனக்குச் சித்தப்பாவின்ர ஞாபகம் வந்திட்டுது. அவர் கலியாண வீடுகளில கிற்றார் அடிக்கிறவர். சாப்பாடு தயாரெண்டால் பந்தலுக்குள்ள இருந்து ஆராவது கத்துவினம்: "பாட்டை நிப்பாட்டு, இலை போட்டாச்சு!" அவரும் இப்பிடித்தான் கம்பியைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். கடைசிக் காலத்தில கிற்றார் அலுமாரிக்கு மேல கிடந்தது, கம்பியெல்லாம் கறள்.

அவர் ஒரு பாட்டை முழுசாப் பாடி நான் கேட்டதா ஞாபகம் இல்லை. இலை போட்டாச்செண்டு கேட்டதும் பந்திக்கு முதல் ஓடுறது நான்தான்.